முதல் காட்சிக்கு வாங்கிய மாலை

வெளிநாட்டுப் படங்கள் வடசென்னைக்கு வருவதில்லை. நாம்தான் அவற்றைத் தேடிப் போக வேண்டும். நகரத்தின் அந்தக் கோடியில் ஏதாவது ஒரு மாலில், ஒரே ஒரு திரையில், ஆள் வராத நேரமாகப் பார்த்து ஒரு காட்சி போடுவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தூக்கிவிடுவார்கள். அதற்குள் ராயபுரத்திலிருந்து கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து, பஸ் மாறி, மெட்ரோ பிடித்துப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதுவும் தவறினால் தூதரகங்களின் கலாச்சார மையம், திரைப்படச் சங்கம், திரைப்பட விழாவில் யாரோ வராததால் மிஞ்சிய அனுமதி அட்டை, வெளிநாட்டில் படிக்கிற தோழியின் லேப்டாப். இந்தச் சந்துபொந்துகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. துருக்கிப் படமா, ருமேனியப் படமா, எது எங்கே கிடைக்கும் என்று கல்லூரியில் என்னைத்தான் கேட்கிறார்கள். இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றும் கேட்கிறார்கள். மாமாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லி வைப்பேன். அது பாதிதான் உண்மை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, அரிசி, முட்டை என்று ஏற்றிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. கப்பல் கப்பலாக ஏறி இறங்குகிறவர் பார்த்தது எல்லாம் தமிழ்ப் படம்தான். அதுவும் முதல் நாள் முதல் காட்சி. கட்அவுட்டுக்கு மாலை ஏறுவதை நான் முதலில் பார்த்தது அவர் தோளில் உட்கார்ந்துதான். காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டு, ஹீரோவின் முகம் திரையில் தெரிகிற கணத்தில் விசிறிவிட வேண்டும், முன்னேயும் கூடாது பின்னேயும் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். நாக்கை மடித்து இரண்டு விரலை வைத்து விசிலடிக்கவும் கற்றுக் கொடுத்தார். அம்மாவுக்கு அது பிடிக்காது. “பொம்பளப் புள்ளைக்கு இன்னாண்ணா இதெல்லாம் சொல்லிக் குடுத்துகினு கீற?” என்பார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அப்பா கப்பலில் வேலை பார்த்தார். சரக்குக் கப்பல். போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். நான் இரண்டாம் வகுப்பில் சேர்ந்த சமயம் மாமாவுக்கு அப்பாவிடமிருந்து ஒரு போன் வந்தது. மாமா போனை எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தார்.

“நம்ம கோயில்ல பைபிள் வாசகத்துல தெசலோனிக்கன்னு ஒரு பேர் வரும் இல்ல மச்சான், அந்த ஊர்லதான் கப்பல் நிக்குது. நெசமாவே அப்பிடி ஒரு ஊரு கீதுப்பா. இங்க ஒரு சினிமா எடுக்கறானுங்க. எங்க ஆளுங்கள மூட்ட தூக்கிகினு பின்னாடி நடக்கச் சொன்னாங்க.”

“கேமராவப் பாத்தியா?”

“பாக்கக் கூடாதுன்னு அந்த டைரக்டரு கத்திகினே இருந்தாரு.”

“அட போ மச்சான். மூஞ்சி தெரியலன்னா நீதான்னு எவன் நம்புவான்? நாளைக்கும் கூப்ட்டா ஒரு தபா திரும்பிப் பாத்துரு.”

அப்பா சிரித்தார். பிறகு மாமாவின் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினார். ஒருவர் கிளாப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் தலைக்கு மேல் மூட்டையோடு அப்பா. மூட்டையின் நிழலில் முகம் கறுத்து ஒன்றும் தெரியவில்லை. பலகையில் ஏதோ எழுதியிருந்தது. பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இது கணக்குப் புத்தகத்தில் வருகிற எழுத்து, கிரேக்கம் என்றான். மறுநாள் அப்பா திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்று கேட்பதற்குள் கப்பல் அந்தத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எனக்குச் சொல்லவில்லை. பெரியவளானதும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். ஒரு விடியற்காலை கப்பலில் அப்பாவின் படுக்கை காலியாக இருந்தது. முதல் நாள் இரவெல்லாம் பலத்த காற்று. கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்து தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. கம்பெனி தெரிவித்தது அவ்வளவுதான். பிறகு அப்பாவின் சூட்கேஸ் வந்தது. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து கேட்டபோது, அப்பா கப்பலில்தான் இருக்கிறார், வர நாளாகும் என்றார்கள். சூட்கேஸ் முன்னால் வந்துவிட்டதே, துணிக்கு அப்பா என்ன செய்வார் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டில் பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒருவர் குரல் கொடுப்பார்: மூஞ்சி பாக்காதவங்க வந்து பாத்துக்குங்க. தூரத்திலிருந்து வந்தவர்கள், பேச்சு வார்த்தை இல்லாதவர்கள், வாசலோடு நின்றுவிட்டவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து பார்ப்பார்கள். இறந்தவரின் வீட்டுக்காரி கடைசியில் வருவாள். அதன் பிறகுதான் பெட்டியில் ஆணி இறங்கும். அப்பாவுக்குப் பெட்டியும் இல்லை, முகமும் இல்லை. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, கல்லறையில் ஒரு சிலுவையாவது நட்டு இறந்தவருக்கான பூசையை வைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். பங்குச் சாமியாரும் வந்து சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“பெட்டியில துணிதான் சாமி வந்துது. ஆளு வரல்ல. மூஞ்சியப் பாக்காம நான் எப்பிடிப் பூசைக்கு அவரு பேர எழுதிக் குடுப்பேன்?”

கல்லறைத் திருநாளன்று தெருவே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கிளம்பிப் போனது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தையல் மெஷினை ஓட்டினார். தினமும் தலையில் பூ வைத்துக்கொண்டார். வேலைக்குப் போகையில் தெரு அவரையே பார்த்தது. இரவில் தட்டு போடும்போது ஒரு தட்டு கூடுதலாக எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்கி வைத்தார். அம்மா இப்படியே இருந்துவிடுவாரோ என்று மாமாவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஒருநாள் அந்த கிளாப் பலகைப் படத்தைப் போனில் எடுத்து அம்மா முன்னால் வைத்தார்.

“மச்சான் திரும்பிப் பாத்திருந்தா, அந்த சினிமாவுல மூஞ்சி இருக்கும். பாத்தா இந்தப் பிடிவாதத்த வுட்ருவியா?”

அம்மா போனை வாங்கிப் பார்த்தார். “ஒரே தபா. அப்பால நீங்க இன்னா சொல்றீங்களோ செய்யறேன்.”

இப்படித்தான் எங்கள் வீட்டில் வெளிநாட்டுப் படம் தேடும் வேலை ஆரம்பமானது. மாமா கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த டிவிடி கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினார். கிரேக்கப் படம் என்றதும் கடைக்காரர்கள் குத்துச் சண்டை, பேய், வாள் என்று ஆளுக்கொன்றை எடுத்து நீட்டினார்கள். “மாமு, பாஷ தெரியாத படத்துக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? இத்த எடுத்துகினு போ, வாயே தொறக்கத் தேவையில்ல, அடி மட்டுந்தான்” என்றான் ஒருவன். பலகையில் இருந்த பெயரை வாசிக்க ஒருவரும் இல்லை.

கடைசியில் அதை வாசித்தது ஒரு கப்பல் சமையல்காரர். எண்ணூரில் நின்ற கப்பல் ஒன்றுக்கு மாமா வெங்காயம் ஏற்றப் போயிருந்தபோது, அந்த ஆள் கிரேக்கர் என்று தெரிந்து போனைக் காட்டியிருக்கிறார். சமையல்காரர் வாசித்துவிட்டுச் சிரித்தாராம், நல்ல படம், நீ எதற்கு இதைத் தேடுகிறாய் என்று. மாமாவுக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. மூட்டை தூக்கிய அப்பாவைத் தொட்டுக் காட்டினார், தண்ணீரைக் காட்டினார், பிறகு கையை விரித்தார். சமையல்காரர் தலையில் இருந்த குல்லாவைக் கழற்றினாராம். தக்காளி வந்த அட்டைப் பெட்டியில் ஒரு துண்டு கிழித்து, படத்தின் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

அந்த அட்டைத் துண்டோடு மாமா நுங்கம்பாக்கத்தில் ஒரு திரைப்படச் சங்கத்தைக் கண்டுபிடித்தார். வெளிநாட்டுப் படம் என்றால் நகரத்தில் அங்கேதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சங்கத்தின் செயலாளர் வழுக்கைத் தலையும் ஜிப்பாவுமான மனிதர். தெரிந்த தூதரகத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றார். மாமா விடவில்லை. சம்பளம் வாங்கிய கையோடு மாதாமாதம் போய் நின்றார். “சார், எங்க மச்சான் அதுல நடிச்சிருக்காரு” என்று மட்டும் சொன்னார். வேறு எதையும் சொல்ல அவருக்கு நா எழவில்லையாம். சென்னைக்காரர் ஒருவர் கிரேக்கப் படத்தில் நடித்திருக்கிறார் என்பது செயலாளரை உலுக்கிவிட்டது. ஐரோப்பியப் பட வாரத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் அந்தப் படத்தைப் போட ஏற்பாடு செய்தார். உறவினர்களையும் கட்டாயம் அழைத்து வாருங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

மாமா உறவினர் என்று நினைத்தது அம்மாவை. கூட அண்ணனும் நானும். ஆனால் அப்பாவின் தங்கையான எங்கள் அத்தையிடம், சனிக்கிழமை மச்சான் மூஞ்சியப் பாக்கப் போறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். எங்கள் ஆட்களிடம் இந்தச் சொல்லுக்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சனிக்கிழமை மதியம் பெரியப்பாவின் மீன் டெம்போ கழுவி விடப்பட்டு வாசலில் நின்றது. எர்ணாவூரிலிருந்து சித்தப்பா வீட்டார், திருவொற்றியூரிலிருந்து அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காக்கள், அப்பாவோடு பேச்சை நிறுத்தியிருந்த இன்னொரு பெரியப்பா, எல்லோரும் வந்துவிட்டார்கள். கோயிலுக்குக் கட்டுகிற சேலை, வேட்டி. அத்தை மடியில் ஆளுயர ரோஜா மாலை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எதுக்கு மாமா எல்லாரும் வராங்க?”

மாமா கொஞ்சம் தடுமாறினார். “உங்கப்பா படம் ரிலீசு இல்ல? ஃபர்ஸ்ட் ஷோ கண்ணு.”

“மாலை?”

“ஈரோவுக்குப் போட வாணாமா?”

நான் உள்ளே ஓடினேன். பழைய பேப்பரை எடுத்து, கைக்கு வந்த மட்டும் கிழித்து, கவுனின் இரண்டு பாக்கெட்டிலும் அடைத்துக்கொண்டேன். மாமாவுக்கே தெரியாமல் செய்து அவரை அசத்திவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நுங்கம்பாக்கத்தில் டெம்போவிலிருந்து நாங்கள் இறங்கியதை அந்தச் சங்கத்தார் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். எவ்வளவு கழுவினாலும் மீன் டெம்போவின் வாசம் எங்களோடு கூடவே ஏசி அறைக்குள் வந்தது. செயலாளர் வாசலில் நின்று வரவேற்றார். அத்தை கையில் மாலையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கழுத்தை லேசாகச் சாய்த்துக் கொடுத்தார். அத்தை பதறிப்போய் மாலையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். “ஐயோ, உங்களுக்கு இல்ல சார். நீங்க நல்லா இருக்கணும்.” செயலாளர் நிமிர்ந்து, அதைத் தன்னடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

விளக்கை அணைப்பதற்கு முன் அவர் மைக்கில் பேசினார். இந்தப் படத்தில் பங்களித்த நம் சென்னைக் கலைஞரின் குடும்பத்தார் வந்திருக்கிறார்கள் என்றார். கண்ணாடி போட்டவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

படம் ஒரு துறைமுக ஊரில் நடந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஒரு படகால் சண்டை. பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தை எங்கள் வரிசையில் அண்ணனைத் தவிர யாரும் படிக்கவில்லை. யாருக்கும் கதை தேவைப்படவில்லை. திரையில் கூட்டம் வந்தால் எல்லோரும் முன்னால் சாய்வார்கள், கூட்டம் போனால் பின்னால் சாய்வார்கள். பேச்சை நிறுத்தியிருந்த பெரியப்பா தூங்கிப்போய்க் குறட்டை விட்டார். அவர் மனைவி இடித்து எழுப்பினார். “பாக்கத்தான வந்த, முழிச்சிகினு இருய்யா.” அத்தையின் விரலில் ஜெபமாலை உருண்டுகொண்டிருந்தது. அம்மா மட்டும் அசையவே இல்லை. என் கையைப் பிடித்திருந்தார்.

படத்தில் அந்தத் தம்பி, கப்பல் நிற்கும் மேடையில் நின்று சிகரெட் பற்ற வைக்கிறான். காற்று தீக்குச்சியை அணைத்துவிடுகிறது. மறுபடி உரசுகிறான். அவனுக்குப் பின்னால் மூட்டை தூக்கிகள் வரிசையாகப் போகிறார்கள். முதலில் ஒரு வெள்ளைக்காரர், பிறகு ஒரு பிலிப்பைன்ஸ்காரர், பிறகு நடை தெரிந்தது. முகத்துக்கு முன்னால் அந்த நடை. மூட்டையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அப்பா திரும்பி எங்களைப் பார்த்தார். திருடிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சிரிப்பு.

நான் நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தேன். இரண்டு பாக்கெட்டிலிருந்தும் அள்ளி விசிறினேன். ஒரு கணம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. புரொஜெக்டர் வெளிச்சத்தில் காகிதம் பறந்தது. மாமா கற்றுக்கொடுத்ததில் எனக்கு அவ்வளவு சரியாக வந்தது வேறில்லை.

யாரும் கூட விசிலடிக்கவில்லை. அத்தை “அண்ணா” என்று ஒரு குரல் எடுத்தார். அதற்குள் திரையில் அப்பா நடந்து மறைந்துவிட்டார். தம்பியின் சிகரெட் பற்றிக்கொண்டுவிட்டது. முன்வரிசையில் ஒருவர் திரும்பி உஸ் என்றார். அம்மா எழுந்தார்.

“இன்னொரு தபா போடச் சொல்லுண்ணா. நிறுத்தச் சொல்லு.”

மாமா செயலாளரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். இத்தனை மாதம் சொல்லாததை அப்போதுதான் சொல்லியிருக்கிறார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தானே படம் போடுகிறவரிடம் ஓடினார். தம்பி பின்னோக்கிச் சிகரெட்டை அணைத்தான், மூட்டைகள் பின்னோக்கி வந்தன, அப்பா வந்து நின்றார். அப்படியே நிறுத்தி வைத்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல், சிரித்த முகமாக.

டெம்போக்காரப் பெரியப்பா எழுந்து நடுவில் வந்து நின்றார். எங்கள் தெருவில் எத்தனையோ வீடுகளில் குரல் கொடுத்தவர். அந்த ஏசி அறையிலும் அதே குரல்தான் வந்தது. “மூஞ்சி பாக்காதவங்க வந்து பாத்துக்குங்க.”

வரிசையாகப் போனார்கள். திரைக்கு முன்னால் நின்று பார்த்தார்கள், சிலுவை போட்டார்கள், நகர்ந்தார்கள். அவர்கள் நிழல் அப்பாவின் மேல் விழுந்து விழுந்து விலகியது. பேச்சு இல்லாதிருந்த பெரியப்பா வெகுநேரம் நின்றார். திரையில் மாலை போட இடமில்லை என்று அத்தை அதைக் கீழே தரையில் வைத்தார். உஸ் என்றவர் முதலில் எழுந்து நின்றார். அப்புறம் சங்கத்தார் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கடைசியில் அம்மா போனார். எட்டித் திரையைத் தொட்டார். அப்பாவின் கன்னம் அவர் கைக்கு எட்டவில்லை, சட்டைப் பொத்தான்தான் எட்டியது. தலையிலிருந்த பூவை எடுத்து மாலை மேல் வைத்துவிட்டு, மாமாவைப் பார்த்துத் தலையசைத்தார். மாமா செயலாளரைப் பார்த்தார். அப்பா மூட்டையோடு நடந்து போனார்.

அந்தப் படம் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. கண் சிமிட்டுகிற நேரம்தான் அப்பா வருகிறார். துணை நடிகர் கேமராவைப் பார்த்துவிட்டால் அந்தத் துண்டை வெட்டி எறிவார்கள் என்று இன்று எனக்குத் தெரியும். அதை ஏன் விட்டுவைத்தார்கள் என்று அந்த டைரக்டரைக் கேட்க ஆசை.

அன்று திரும்பும்போது டெம்போவில் அம்மாவின் மடியில் படுத்திருந்தேன். “விசிலடிச்சதுக்குத் திட்டுவியாம்மா?” என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டி, என் முடியில் ஒட்டியிருந்த காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். அவர் தலையில் பூ இல்லாததைப் பார்த்து எங்கே என்றேன். அப்பாகிட்ட குடுத்துட்டேன் என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவின் அடுத்த படம் எப்போது வரும் என்று மாமாவைக் கேட்டேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு, “தேடணும் கண்ணு” என்றார். தேடலாம் மாமா, நானும் வரேன் என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசையில் சாமியார் கையிலிருந்த சீட்டைப் பார்த்து அப்பாவின் பெயரை மைக்கில் வாசித்தார். கோயில் முழுக்க எழுந்து நின்றது. படம் வந்த செய்தி அதற்குள் சாமியார் வரைக்கும் போய்விட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று பெஞ்சில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.